வால் தெரியாத படம்

ஐந்து கிலோ பாஸ்மதி அரிசி வரும் துணிப்பை அது. பாதியளவு அரிசியை உள்ளே விட்டு, வாயை அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தடித்த நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். ரப்பர் படகின் விளிம்பில் போட்டால் இரு பக்கமும் சரிந்து தொங்கும். நடுவில் விழும் பள்ளத்தில் அண்ணை தன் நீள லென்ஸைக் கிடத்துவார். கல்யாண மண்டபங்களில் மூன்றுகால் தாங்கி வைத்துப் படம் எடுத்துப் பழகியவர் அவர். அந்தத் தாங்கியைப் படகுக்குள் நிறுத்திப் பார்த்த முதல் நாள், தாங்கி, கமரா, அண்ணை மூன்றுமே தண்ணீருக்குள் போகப் பார்த்தன. நான் துடுப்பைப் போட்டுவிட்டு அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அடுத்த முறை அரிசிப் பையோடு வந்தார். "தலையணை இல்லாட்டில் எனக்கே நித்திரை வராது. உந்த லென்ஸ் மட்டும் என்ன செய்யும், பாவம்" என்றார். படகு ஆடும்போதெல்லாம் பைக்குள் அரிசி மெல்ல இடம் மாறும் சத்தம் கேட்கும். அதைத் தவிர வேறு சத்தம் வரக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் இருவரும் கெல்சென்கிர்ச்சனுக்கு வெளியே ஒரு கால்வாயில் இகுவானாவைத் தேடி அலைந்தோம். ஜெர்மனியில் ஏது இகுவானா என்று கேட்பீர்கள். ஓணானைப் பெரிதாக்கி, முதுகில் சீப்பை நட்டு, கழுத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டதுபோல் இருக்கும் அந்தப் பிராணி வெப்ப நாட்டு மரங்களில் இலை தின்று வாழ்வது. ஆனால் மனிதர்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறார்களோ, அவர்கள் வளர்த்து அலுத்த பிராணிகளும் அங்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மின்நிலையம் ஒன்றிலிருந்து சுடுநீர் வந்து விழும் கால்வாய்க் கிளை அது. குளிர்காலத்திலும் அங்கே தண்ணீரிலிருந்து ஆவி எழும். அதன் ஒரு பக்கக் கரை முழுவதும் கம்பி வேலி. உள்ளே போக வழியில்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து மட்டுமே அந்தக் கரையை நெருங்கிப் பார்க்க முடியும்.

அண்ணை வார நாட்களில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் அவர்தான் எங்கள் சனத்தின் படப்பிடிப்பாளர். கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவரே. அவருடைய அல்பங்கள் டோர்ட்மண்ட் வரை பேர்போனவை. பழைய கிடங்கொன்றை மண்டபமாக்கி, வெளியே பாரவண்டிகள் நிற்க, உள்ளே நடந்த கல்யாணமாக இருக்கும். அல்பத்தில் பார்த்தால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அருவிக்கு முன்னால் நிற்பார்கள், பனிமலைக்கு மேலே மிதப்பார்கள், ரோசாப் பூவுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பார்கள். கணினியில் வெட்டி ஒட்டுவதில் அண்ணையை மிஞ்ச ஆளில்லை. வராத மாமனைக்கூடக் குடும்பப் படத்தில் பின்வரிசையில் நிற்பாட்டித் தருவார். சனம் கேட்டு வாங்கியது அது. அவரும் சந்தோசமாகச் செய்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் முதலில் இடம்பெயர்ந்தது, நான் பின்னால் போனேன், அது எங்கே போனதென்று பிறகு தெரியவில்லை. கொழும்பு, மொஸ்கோ, உக்ரைனில் ஜன்னல் திறக்கக்கூடாத ஒரு வீட்டில் ஒரு குளிர்காலம், பிறகு பாரவண்டி, காடு, ஓர் ஆறு. ஆற்றில் தண்ணீர் கழுத்தளவு. நீந்தத் தெரியாது. கடந்தாயிற்று. ஜெர்மனியிலும் ஒரு நகரத்தில் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டு, நாட்டுக்குத் திருப்பி அனுப்பும்வரை பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒரு தாள் தந்திருந்தார்கள். அதை அவ்வப்போது போய்ப் புதுப்பிக்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் நான் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, லைட் பிடிக்கிற பொடியன் வரவில்லை என்று அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "தம்பி, உந்தச் சோத்து வாளியைப் பிடிக்கிற கை லைட்டையும் பிடிக்கும்தானே?" என்றார். பிடித்தேன். அன்றே, எங்கே தங்குகிறாய் என்று கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூடியிருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டார்.

அது அவருடைய மகனின் அறை. கட்டில், மேசை, சுவரில் காற்பந்துப் படங்கள். ஒரு மூலையில் என் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே காய்ந்த மரக்கொம்பு ஒன்று, அணைந்த விளக்கு ஒன்று. அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அக்கா, "அதை ஏன் கேக்கிறீர்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். மகனுக்கு மிருகங்கள் என்றால் உயிர். மிருகங்களைப் பராமரிக்கும் தொழிலுக்கு ஔஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யப்போகிறேன் என்றான். அண்ணைக்கு அவன் பொறியியல் படிக்க வேண்டும். இந்தச் சண்டை எல்லா வீடுகளிலும் நடப்பது, அதுவாகவே ஆறிப்போவது. ஆனால் ஒரு சாமத்திய வீட்டில், மேடையில் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "மகன் என்ன படிக்கிறார்?" என்று யாரோ கேட்க, அண்ணை கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உடும்பு மேய்க்கப் போறாராம்" என்று சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. லைட் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அந்த மகன்தான். லைட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடந்து போனான். அடுத்த வாரம் உடுப்புகளை எடுத்துக்கொண்டு டோர்ட்மண்டில் ஒரு நண்பனிடம் போய்விட்டான். இடம் கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி விட்டுப்போனது ஒன்றே ஒன்று, ரூடி என்ற இகுவானா.

அக்காவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. சாப்பாடு வைக்கப் போனால் வாலால் அடித்தது. ஒருநாள் பெட்டியிலிருந்து வெளியே வந்து சாமிப் படங்களுக்கு நடுவில் ஏறி இருந்ததாம். அண்ணை யோசித்தார். ஊரில் உடும்பு வேலியில் கிடக்கும், குளத்தில் நீந்தும், யாரும் அதற்கு விளக்குப் பூட்டிச் சூடு கொடுப்பதில்லை. கண்ணாடிக்குள் அடைத்து வைப்பதைவிட விட்டுவிடுவது புண்ணியம். மே மாதத்து வெயில் நாளொன்றில் உடுப்புக் கூடையில் போட்டு, துவாயால் மூடி, சுடுநீர்க் கால்வாயில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வன்னியில் வளர்ந்த ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

காற்பந்து உலகக் கோப்பைக்காகக் கார்களிலெல்லாம் கொடி பறந்த நாட்களில் மகன் போன் எடுத்தான். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணை போனைக் காதில் வைக்காமல் மேசையில் வைத்துப் பேசுகிறவர். இரண்டு பக்கமும் கேட்டது.

"அப்பா, எனக்கு இடம் கிடைச்சிட்டுது. சனிக்கிழமை வந்து ரூடியைக் கொண்டு போறன்."

அண்ணை நடந்ததைச் சொன்னார்.

"செப்டம்பர்லை குளிர் வந்தா அது செத்துடும். தெரியுமா உங்களுக்கு?"

"இல்லை மகன், அங்கை தண்ணி சூடு. அது நல்லா இருக்கு."

"பாத்தனீங்களா?"

"...ஓம்."

"அப்ப ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. வெட்டி ஒட்டின படம் வேண்டாம். உயிரோடை இருக்கெண்டு தெரிஞ்சா நான் வீட்டை வாறன். இல்லாட்டி வரமாட்டன்."

போன் நின்றுவிட்டது. அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, உமக்குத் துடுப்புப் போடத் தெரியுமே?"

தெரியாது. ஆனால் அந்த வீட்டில் நான் ஓம் என்று சொல்லாத விஷயம் எதுவும் அப்போது இருக்கவில்லை. அவன் திரும்பி வந்தால் எனக்கு அந்த அறை இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. அறைகள் வரும், போகும். அதற்காகத் துடுப்புப் போடாமல் இருக்க முடியாது.

மலிவுக் கடையில் ஒரு ரப்பர் படகு வாங்கினார். விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுக்கும் ஒருவரிடமிருந்து பழைய நீள லென்ஸ் ஒன்றை வாங்கினார். அது ஒரு பச்சைக் குழந்தையின் கனம். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். ரொட்டி வேலை முடிந்து வரும் பின்னேரங்களில் காலால் மிதிக்கும் பம்பினால் காற்றடிப்போம். நான் துடுப்புப் போட, அண்ணை முன்னால் குப்புறக் கிடப்பார். எதிர்க்கரையில் தூண்டில் போடும் ஜெர்மன் கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார். ஒருநாள் அவரே கூப்பிட்டு, அந்தக் கரையில் பெரிய பச்சைப் பல்லிகளைக் கண்டிருப்பதாகச் சொன்னார். சனம் கொண்டுவந்து விடாத பொருள் இல்லை, ஆமைகளும் கிடக்கின்றன என்றார். பல்லி என்று ஒருமையில் சொல்லாமல் பல்லிகள் என்று அவர் சொன்னதை அன்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

ஜூலை மாதத்துப் பின்னேரம் ஒன்றில் முதன்முதலாகக் கண்டோம். தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்த மரக்கிளையில், வெயிலில், கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தது. இலைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. அண்ணையின் முதுகு இறுகியது. நான் துடுப்பை மேலே எடுத்துவிட்டேன். படகு தானாக மிதந்து போனது. லென்ஸை அரிசிப் பையில் பதித்து, மூச்சை அடக்கி, விரலை வைத்தார். இகுவானா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருடக் கல்யாண வீட்டுப் பழக்கம் அவருடைய வாயைத் திறந்துவிட்டது.

"இஞ்சை பாருங்கோ!" என்று உரத்துச் சொன்னார். "வடிவாச் சிரியுங்கோ!"

ஒரு கல் விழுந்ததுபோல் தண்ணீர் தெறித்தது. கிளை ஆடிக்கொண்டிருந்தது.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டில் படகு சுழன்றது. "அண்ணை, அது மாப்பிள்ளை இல்லை" என்றேன்.

"சும்மா துடுப்பைப் போடும். அதுக்கு மரியாதை குடுத்துத்தானே கூப்பிட்டனான்" என்றார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. அரிசிப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று அக்கா பின்னர் சொன்னார்.

அடுத்த முறை வாயில் ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். படம் கிடைத்தது. அப்படியொரு படத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. பொன்னிறக் கண், கழுத்துப் பையின் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக, பின்னால் கலங்கிய பச்சை. ஒரு மணப்பெண்ணை எடுப்பதுபோல் எடுத்திருந்தார். அக்காவே, "சனியன், எவ்வளவு வடிவா இருக்கு" என்றார். மகனுக்கு அனுப்பிவிட்டு அண்ணை போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நல்ல படம்" என்றான் மகன். "வால் எங்கை?"

முகத்தை எடுத்துப் பழகிய கண்ணுக்கு வால் ஒரு பொருட்டாகவே பட்டிருக்கவில்லை. ரூடி சின்னதாக இருந்தபோது கதவிடுக்கில் வால் நசுங்கி முறிந்து, பாதியிலிருந்து கறுப்பாக, மொட்டையாக வளர்ந்திருந்ததாம். "முன்னாலை இருந்து எடுத்தா எல்லா இகுவானாவும் ஒண்டுதான் அப்பா. வாலைக் காட்டுங்கோ."

மறுபடியும் கால்வாய். ஆகஸ்ட் முழுவதும் மழை. வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து, கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு படகில் காத்திருந்திருக்கிறோம். சில நாட்கள் அவர் லென்ஸோடு கன்னத்தை வைத்தபடியே உறங்கிப்போவார். நான் படகைக் கரையோரக் கோரைகளில் கொளுவிவிட்டு அசையாமல் இருப்பேன். ஒருநாள் விழித்தெழுந்து, யாரிடமோ சொல்வதுபோல், "நான் பகிடிக்குத்தான் சொன்னனான்" என்றார். அந்தச் சாமத்திய வீட்டில் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. மறுபடி ஒருபோதும் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மாதக் கடைசியில் வெயில் எறித்தது. அது கிளையில் நீளக் கிடந்தது. அண்ணை இந்த முறை லென்ஸை வாலில்தான் முதலில் வைத்தார். கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ முறை கேட்டது. பிறகு அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, என்னைப் பார்க்கும்படி கையால் காட்டினார். குனிந்து பார்த்தேன். வால் அடியிலிருந்து நுனி வரை வரிவரியாக, சாட்டைபோல் மெலிந்து, முழுசாக இருந்தது. முறிவும் இல்லை, கறுப்பும் இல்லை. அது ரூடி இல்லை. நாங்கள் கோடை முழுவதும் பின்தொடர்ந்தது வேறு யாரோ கொண்டுவந்து விட்டதொன்றை.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் விரித்தார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம். அந்த வாலைப் பாதியில் வெட்டி, நுனியைக் கறுப்பாக்க அவருக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும்.

"செய்யுங்கோவன்" என்றார் அக்கா. "பிள்ளை வரட்டும். வந்தாப் பிறகு எல்லாம் சரிவரும். உங்கடை கையாலை ஊரான் பிள்ளையளுக்கு எவ்வளவு செய்திருக்கிறியள்."

அண்ணை செய்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் குறைந்தது, கறுத்தது, நிழல்கூடச் சரியாக விழுந்தது. எங்கே ஒட்டியது என்று சொல்லவே முடியாது. அவர் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அது. திரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாடியைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்து மேசையில் வைத்து எண்ணை அழுத்தினார்.

"மகன், வால் முழுசா இருக்கு. அது உன்ரை ரூடி இல்லை. உன்ரையை நான் அண்டைக்கு விட்ட பிறகு காணவே இல்லை. பாத்தனான் எண்டு சொன்னது பொய்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் ஒரு பேருந்து போகும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை காலமை வாறன்" என்றான் மகன். "குளிருக்கு முதல் தேடிப் பாப்பம். அந்த மற்றதையும் அங்கை விட ஏலாது. அதுவும் செத்துடும்."

வந்தான். என்னைவிட உயரம், தாயின் கண்கள். தடித்த கையுறைகளும் ஒரு கூடையும் கொண்டுவந்திருந்தான். வீட்டுக்குள் போகவில்லை, நேராகக் கால்வாய்க்கே வந்தான். தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன, மெலிஞ்சு போனாய்", "இல்லையே" என்பதற்கு மேல் பேசவில்லை. அண்ணை சற்றுத் தள்ளிப் போய்ப் படகுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். அவன் என் பக்கம் வந்தான்.

"நீங்கள்தானே என்ரை றூம்லை இருக்கிறது?"

"ஓம்" என்றேன். "இண்டைக்கே சாமானை எடுத்திடுவன்."

"கட்டில் சத்தம் போடுமே?"

"போடுது."

"சுவர்ப் பக்கமாப் படுங்கோ, போடாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த முதல் படம், முகம் மட்டும் இருந்தது. பாத்த உடனையே எனக்குத் தெரியும் அது ரூடி இல்லையெண்டு. மூண்டு வருசம் கையிலை வைச்சு வளத்தனான், முகம் தெரியாதே? அப்பா என்ன அனுப்புவார் எண்டு பாக்கத்தான் வாலைக் கேட்டனான்." காற்றடித்துக்கொண்டிருந்த தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ, சித்தப்பா."

அவன் என்னை அப்படி அழைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்றுவரை நான் அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அந்த மகன் இன்று கைவிடப்பட்ட பிராணிகளைப் பொறுப்பெடுக்கும் ஓர் இடத்தில் வேலை செய்கிறான். அண்ணை மண்டபங்களில் யார் கேட்டாலும் அதை உரத்துச் சொல்வார். இதை அவர் வாசித்தால் அறிந்துகொள்ளட்டும். இனி அதில் யாருக்கும் கோபம் வராது.

அன்று படகு தயாரானதும் நான் துடுப்பை எடுத்து மகனிடம் கொடுத்தேன். இரண்டு பேருக்கான படகு. அண்ணை முன்னால் படுத்துக்கொண்டார், மகன் பின்னால் அமர்ந்தான். அவனுக்கும் துடுப்புப் போடத் தெரியவில்லை, படகு முதலில் வட்டமடித்தது. தகப்பன் திரும்பி ஏதோ சொல்ல, மகன் ஏதோ திருப்பிச் சொல்ல, மெல்ல நேரானது. அவர்கள் போவதை நான் கரையில் நின்று பார்த்தேன். அதுவரை நான் நின்ற எல்லா ஊர்களிலும் இந்த மாதிரி ஒரு நேரம் வந்திருக்கிறது. என் வேலை முடிந்துவிட்டது என்று காலுக்குத் தெரிந்துவிடும். பையில் வைக்க எனக்கு அதிகம் எதுவும் இல்லை. ஹனோவரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

படகு நடுக் கால்வாயை அடைந்ததும் அண்ணை எழுந்து உட்கார்ந்தார். படகு ஆடியது. எங்கள் ஒப்பந்தத்தையெல்லாம் மறந்து, வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக் கத்தினார்.

"தம்பி! எங்கையும் போயிடாதையும்! மத்தியானம் அக்கா சமைச்சு வைச்சிருப்பா. நில்லும்!"

கிளைகளிலிருந்து பறவைகள் எழும்பின. இகுவானா ஏதும் இருந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும். மகன் தகப்பனைப் பார்த்து, "அப்பா!" என்று அதட்டியது எனக்குக் கேட்டது.

ரூடி அன்றும் அகப்படவில்லை, அதற்குப் பிறகும் அகப்படவில்லை. விடிகாலைக் குளிரில் விறைத்துப்போய் மரத்தோடு ஒட்டியிருந்த அந்த மற்றதை மகன் பழம் பிடுங்குவதுபோல் பிடுங்கிக் கூடையில் வைத்தான். மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தபோது கரையில் நான் நின்றிருந்தேன். அண்ணை எறிந்த கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்தேன். அதன் பிறகு வேலைகளை மாற்றியிருக்கிறேன், வீடுகளை மாற்றியிருக்கிறேன், அந்தத் தாளும் காலப்போக்கில் நல்ல தாளாக மாறியது. ஊரை மட்டும் மாற்றவில்லை.